அழகும் வேணும், காலும் வேணும்: புதுச்சேரியில் ஒரு பெண் எந்தச் செருப்பை வாங்கலாம்?

முகூர்த்த மாதம் வந்துவிட்டால் நேரு வீதிச் செருப்புக் கடைகளில் ஒரே பேச்சுதான். "ஹீல்ஸ் எடுக்கறேம்மா" என்பாள் மகள். "அதைப் போட்டுக்கிட்டு அரை மணி நேரம் நிக்க முடியுமாடி? பேசாம பிளாட்டா ஒண்ணு எடு" என்பார் அம்மா. கடைக்காரத் தம்பி இருவர் மனமும் கோணாமல், "ரெண்டுமே நல்லா போயிட்டிருக்குக்கா" என்று இரண்டு பெட்டியையும் திறந்து வைப்பார். அம்மா சொல்வதிலும் பாதி நியாயம், மகள் சொல்வதிலும் பாதி நியாயம். ஆனால் உயரமா, தட்டையா என்று மட்டும் பார்த்து வாங்கினால் இருவருமே வலியைத்தான் வீட்டுக்கு வாங்கிப் போவார்கள். குதிகாலைப் பின்னாலிருந்து எது பிடித்துக்கொள்கிறது, விரல்களுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்ற இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும். உயரத்தின் முறை அதற்கப்புறம்தான் வரும்.

அழகு வேண்டும் என்று நினைப்பதில் தப்பே இல்லை. பட்டுப்புடவை கட்டியிருக்கும்போது இரண்டு இஞ்ச் உயரம் கூடினால் கொசுவம் நேராக விழுகிறது, முதுகு நிமிர்கிறது, மனசுக்கும் ஒரு தெம்பு வருகிறது. "வயசாயிடுச்சு, இதெல்லாம் எதுக்கு" என்று அந்த ஆசையை ஒதுக்கச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஆசையும் நிறைவேற வேண்டும், மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போது குதிகால் சுள்ளென்று குத்தவும் கூடாது.

நம் ஊரில் ஒரு ஜோடிச் செருப்பு படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. காலையில் ஸ்கூட்டியில் கிளம்பினால் இந்திரா காந்தி சிலை சிக்னலில் கால் ஊன்றி நிற்க வேண்டும். மணக்குள விநாயகர் கோவில் வாசலில் குனிந்து கழற்ற வேண்டும், திரும்பி வந்து மாட்ட வேண்டும். சாயங்காலம் 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி ஓடாது, அதனால் அந்த முனையிலிருந்து இந்த முனை வரைக்கும் நடைதான். காந்தி சிலைப் பக்கம் மணலில் இறங்கினால் அது வேறு. கடலூர்க்காரர்களுக்கு வெள்ளிக் கடற்கரை மணலும், திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டு நெரிசலும், முகூர்த்த நாளில் திருவந்திபுரம் மலைப்படிகளும் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் தேங்குகிற தண்ணீர் இரண்டு ஊருக்கும் பொது. மால் ஒன்றுக்குள் காரில் போய் இறங்குகிற பெண்ணுக்காகச் சொல்லப்படும் யோசனைகள் பலவும் நமக்கு ஒத்துவராமல் போவதற்கு இதுதான் காரணம்.

காலின் அகலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிட நம்மவர் பாதம் அகலம் என்பது அதில் தெரியவந்தது. இந்தியாவுக்கென்று 'பா' என்ற தனி அளவுமுறையும் அதை வைத்துத்தான் பரிந்துரைக்கப்பட்டது. ஆனால் பெட்டியின் மேல் நாம் பார்த்துப் பழகியது யு.கே. எண்ணும் ஐரோப்பிய எண்ணும்தான். 5-ம் நம்பர் பக்கவாட்டில் இறுக்கினால் நாம் என்ன செய்கிறோம்? 6-ம் நம்பர் வாங்குகிறோம். ஒரு யு.கே. எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நீளத்தில் ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர் வித்தியாசம். அகலம் சரியாகிவிடுகிறது, நீளம் மிஞ்சிப்போகிறது, நடக்கும்போது குதிகால் ஏறி ஏறி இறங்குகிறது. செருப்பு கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் தாமாகவே மடங்கிப் பிடிக்கின்றன. நாள் முழுக்க இப்படிப் பிடித்துக்கொண்டே நடந்தால் சாயங்காலம் பாதம் வலிக்காமல் என்ன செய்யும்? அதனால் நீளத்தைக் கூட்டாமல், முன்பக்கம் வட்டமாகவோ சதுரமாகவோ இருக்கிற மாடலாகக் கேட்டு வாங்குவதுதான் சரி. வாரை இழுத்துத் தளர்த்துகிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது.

முதலில் பென்சில் ஹீல்ஸ். மூன்று இஞ்சுக்கு மேல் மெல்லிய குச்சி மாதிரி நிற்கிற வகை. பார்க்க அழகு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் குதிகால் மேலே போனதும் உடம்பின் பாரம் முன்பாதத்துக்கு வந்துவிடுகிறது. முன்பக்கமும் கூர்மையாக இருந்தால் அந்தப் பாரத்தோடு ஐந்து விரல்களும் ஒன்றையொன்று நெருக்குகின்றன. பெருவிரல் மற்ற விரல்கள் பக்கமாகச் சாய்ந்து அதன் அடிமூட்டு புடைத்துக்கொள்வதும், சுண்டுவிரலில் கால் ஆணி வருவதும் இந்த நெருக்கலால் அதிகமாகின்றன. கணுக்கால் பிசகுவதற்கும் காரணம் உண்டு. கணுக்கால் மூட்டுக்குள் உட்காரும் எலும்பு முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் ஒடுக்கமாகவும் இருக்கும். பாதம் தரையில் சமமாக இருக்கும்போது அகலமான பகுதி மூட்டுக்குள் இறுக்கமாகப் பொருந்தி நிற்கும். குதிகாலைத் தூக்கினால் ஒடுக்கமான பகுதி அந்த இடத்துக்கு வரும், பிடிமானம் குறையும். அந்த நேரத்தில் சின்னக் கல் ஒன்று இடறினாலும் கால் மடங்கிவிடும்.

"எனக்கு ஹீல்ஸ் போட்டாதான் வசதியா இருக்கு, பிளாட் போட்டா கெண்டைக்கால் இழுக்குது" என்று சொல்கிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். இங்கிலாந்தில் நடந்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், வருஷக்கணக்கில் தினமும் ஹீல்ஸ் போட்டு வந்த பெண்களின் கெண்டைக்கால் தசை இழைகள் மற்றவர்களைவிடச் சராசரியாக 13 சதவீதம் குறுகியும், அந்தத் தசையைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாண் தடித்து விறைத்தும் இருந்தன. உடம்பு அந்த உயரத்துக்கே பழகிவிடுகிறது. அப்படிப்பட்டவர்கள் ஒரே நாளில் தட்டைச் செருப்புக்கு மாறக்கூடாது. மூன்று இஞ்சிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று என்று சில மாதங்களில் படிப்படியாக இறங்க வேண்டும். கூடவே சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் கெண்டைக்காலை இழுத்துவிடும் பயிற்சியும் வேண்டும்.

இதற்கு மேல் நம் ஊர்த் தரை. கல் பதித்த நடைபாதை இடுக்கிலும், கால்வாய் சிலாப் இடைவெளியிலும், ஜல்லடை மூடியிலும் அந்த மெல்லிய நுனி மாட்டிக்கொள்ளும். மணலில் சொல்லவே வேண்டாம். ஸ்கூட்டியில் போகும்போது கால் ஊன்ற வேண்டிய அவசரத்தில் தரையைத் தொடுவது அந்த நுனி என்றால் வண்டியோடு சாய வேண்டியதுதான். ஆகவே பென்சில் ஹீல்ஸ் வேண்டுமென்றால் மண்டபத்துக்குள் மட்டும். பையில் வைத்துக் கொண்டுபோய், வரவேற்பு மேடை ஏறும்முன் மாட்டி, போட்டோ முடிந்ததும் கழற்றிவிடுங்கள். வருஷத்தில் சில மணி நேரம் போடுகிற ஒன்றுக்கு அதிக விலை கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அடுத்தது பிளாக் ஹீல்ஸ், வெட்ஜஸ். பிளாக் ஹீல்ஸில் அடிப்பக்கம் அகலக் கட்டை மாதிரி இருக்கும், வெட்ஜஸில் முன்னிருந்து பின்வரை சரிவாக ஒரே அடியாக இருக்கும். இரண்டுமே ஆடாமல் நிற்கும். ஆனால் கட்டை அகலமாக இருப்பதால் முன்பாதத்தின் பாரம் குறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பாரத்தைத் தீர்மானிப்பது சரிவு. மூன்று இஞ்ச் பிளாக் ஹீல்ஸும் மூன்று இஞ்ச் பென்சில் ஹீல்ஸும் விரல்களை ஒரே மாதிரிதான் அழுத்தும். கணுக்கால் பிசகுவது மட்டும் குறையும். சரிவைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. முன்பக்கமும் உயர்த்திய பிளாட்ஃபார்ம் வகையில் பின்பக்கம் மூன்று இஞ்ச், முன்பக்கம் ஒன்றரை இஞ்ச் என்றால், கால் உணர்கிற சரிவு ஒன்றரை இஞ்ச் மட்டுமே. உயரம் மூன்று இஞ்ச் கிடைக்கும், வலி குறையும். குறை என்னவென்றால், அடி தடித்து விறைப்பாக இருப்பதால் தரை எப்படி இருக்கிறது என்று காலுக்குத் தெரியாது. பள்ளத்தில் ஓரமாக மிதித்துவிட்டால் மொத்தக் காலும் சாயும். மண்டபம், அலுவலகம், தேவாலயம் போன்ற சமதரைக்கு நல்ல தேர்வு. உயரம் குறைவான பெண்கள் கல்யாணத்துக்கு எடுக்க நான் முதலில் சொல்வது இதைத்தான். மணலுக்கும் படிக்கட்டுக்கும் வேண்டாம்.

இப்போது அம்மாவின் கட்சி: தட்டைச் செருப்பு. இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். தட்டையாக இருந்தால் காலுக்கு நல்லது என்ற நம்பிக்கையில், அட்டை மாதிரி மெல்லிய அடியுள்ள கட் ஷூவையோ, கல் பதித்த செருப்பையோ வருஷக்கணக்கில் போடுகிறோம். குதிகால் ஒவ்வொரு முறையும் தார் ரோட்டில் நேரடியாக இடிக்கிறது. குதிகாலிலிருந்து விரல்வரை பாதத்தின் அடியில் ஓடும் நார்ப்பட்டைக்குத் தாங்கல் கிடைப்பதில்லை. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது உயிர் போகிற மாதிரி குத்தி, நாலு அடி நடந்ததும் குறைகிற குதிகால் வலி பெரும்பாலும் அந்தப் பட்டையின் வேதனைதான். ஹீல்ஸே போடாத பெண்களுக்கும் இது வருகிறதே என்றால், பதில் அவர்களுடைய செருப்பின் அடியில் இருக்கிறது. பின்பக்கம் திறந்த செருப்பில் இன்னொரு தொல்லையும் உண்டு. மிதிக்கும்போது குதிகாலின் சதை பக்கவாட்டில் பிதுங்கும், அதைச் சுற்றிப் பிடிக்க எதுவும் இருக்காது. வறண்ட தோலும் தூசியும் சேர்ந்தால் பித்தவெடிப்பு.

ஜூத்தி, மொஜரி என்கிற வட இந்தியத் தட்டைச் செருப்பு வகைகள் பார்க்கக் கொள்ளை அழகு, சுடிதாருக்கு எடுப்பாக இருக்கும். முதல் சில நாள் குதிகால் ஓரத்தில் செருப்புக் கடி நிச்சயம். அடியில் மெத்தை இருக்காது. மழைக்கு ஆகவே ஆகாது. கோலாப்பூரி எனக்கு மிகவும் பிடித்தது. மகாராஷ்டிராவுக்கும் கர்நாடகாவுக்கும் சேர்த்து 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய செருப்பு, கையால் தைத்தது, காட்டன் புடவையோடு போட்டால் வேறெதுவும் அந்த லட்சணத்தைத் தராது. பாதத்தின் வடிவத்துக்கு மெல்ல மெல்லப் பழகி வரும் என்பதால் பல மெல்லிய செருப்புகளைவிட மேல். ஆனால் தண்ணீரில் நனைந்தால் விறைத்து உருக்குலைந்துவிடும். தை முதல் புரட்டாசி வரை போட்டுவிட்டு, மழைக்காலத்தில் உள்ளே எடுத்து வைக்க வேண்டிய செருப்பு இது.

இத்தனையும் பார்த்த பிறகு, தினமும் காலில் இருக்கப்போகிற ஜோடிக்கு நான் பணத்தைப் போடச் சொல்வது பேக் ஸ்ட்ராப் சாண்டலுக்கு. உயரம் ஒன்றிலிருந்து ஒன்றரை இஞ்ச், அதற்கு மேல் வேண்டாம். குதிகால் பக்கம் அகலமான அடி, உள்ளே அழுத்தினால் உள்வாங்கி மேலே வருகிற மெத்தை, நடுப்பாதத்தில் லேசான மேடு, பின்னால் குதிகாலைச் சுற்றிப் பிடிக்கும் வார். அந்த வார் இருந்தால் விரல்கள் மடங்கிப் பிடிக்க வேண்டியதில்லை, ஸ்கூட்டியிலிருந்து கால் இறக்கும்போது செருப்பு நழுவாது, பஸ் படியில் ஏறும்போது பின்னால் வருகிறவர் மிதித்தாலும் கழன்றுவிடாது.

"பாட்டி செருப்பு மாதிரி இருக்குமே" என்ற பயம் இளம்பெண்களுக்கு இருக்கிறது. முன்பெல்லாம் அதில் நியாயம் இருந்தது. கறுப்பு, பிரவுன் தவிர வேறு நிறமே கிடைக்காது. இப்போது ரோஸ் கோல்டு, செம்பு, ஆன்டிக் கோல்டு என்று வருகிறது. மெல்லிய இரட்டை வார், குறுக்கு வார், பின்னல் வார் என்று விதவிதமாக இருக்கிறது. ஆன்டிக் கோல்டு நிறத்தில் ஒன்று எடுத்தால் அலுவலகச் சுடிதாருக்கும் போகும், மாலை நிச்சயதார்த்தத்துக்குப் பட்டுக்கும் போகும். திறந்த சாண்டலில் மருதாணியும் நெயில் பாலிஷும் கொலுசும் தெரிகிற அழகு கட் ஷூவில் கிடைக்காது என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

வாங்கும்போது மெட்டியையும் கொலுசையும் கட்டாயம் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் காலைத் தரையில் நன்றாக ஊன்றி, இரண்டாவது விரலைப் பாருங்கள். முன்வாரின் விளிம்பு மெட்டியின் மேலேயே வந்து உட்கார்ந்தால், நடக்க நடக்க மெட்டி பக்கத்து விரலில் அழுந்தும். சாயங்காலத்துக்குள் அங்கே சிவந்து தடித்துவிடும். வார் மெட்டிக்குப் பின்னால், விரல் தொடங்கும் இடத்தைத் தாண்டி விழ வேண்டும். பெருவிரல் வளையம் உள்ள மாடலில் அந்த வளையத்தின் தையல் மெட்டியில் உராய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கொலுசு போடுகிறவர்கள் கணுக்காலைச் சுற்றிக் கட்டும் வாரைத் தவிர்ப்பது நல்லது. வெல்க்ரோவின் முள்பக்கம் கொலுசின் சங்கிலியில் ஒட்டிக்கொள்ளும், பக்கிள் முள்ளில் மணி சிக்கும். கணுக்காலுக்குக் கீழாக, குதிகாலின் பின்னால் மட்டும் ஓடுகிற எலாஸ்டிக் வார்தான் கொலுசுக்கு ஒத்துவரும். கோவில் வாசலில் பட்டுப்புடவையோடு குனிந்து பக்கிளைக் கழற்றும் சிரமத்துக்கும் அதுவே தீர்வு.

ஸ்போர்ட்ஸ் ஷூவைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. காலையில் தாவரவியல் பூங்காவிலோ கடற்கரைச் சாலையிலோ நடக்கப் போகிறவர்களுக்கு அதைவிட நல்லது எதுவும் கிடையாது. சுடிதாருக்கும் ஜீன்ஸுக்கும் வெள்ளை ஸ்னீக்கர் இப்போது சகஜமாகிவிட்டது. மெட்டி போடுகிறவர்கள் முன்பக்கம் அகலமானதாக எடுங்கள். நம் வெயிலுக்கு நாள் முழுக்க மூடிய ஷூ என்றால் வியர்வையும் விரலிடுக்குப் புண்ணும் வரும், தினமும் துவைத்த சாக்ஸ் இருந்தால்தான் சரிப்படும்.

மழைக்காலம் தனிக்கதை. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது, ரெயின்போ நகர் போன்ற இடங்களில் வீட்டுக்குள்ளேயே தண்ணீர். அந்த மாதிரி நாட்களுக்கு மட்டுமல்ல, சாதாரண கார்த்திகை மழைக்கும் ஒரு ஜோடி தனியாக வேண்டும். ரப்பர் செருப்பு மலிவு, உடனே காயும். ஆனால் தேங்கிய தண்ணீருக்குள் நடந்தால் உறிஞ்சிக் கழன்று மிதக்கும், சேற்றைப் பின்னாலிருந்து புடவை மேல் அடிக்கும். கிராக்ஸ் மாதிரி பின்வார் உள்ள இ.வி.ஏ. (இலேசான நுரைப் பிளாஸ்டிக்) செருப்புதான் மழைக்கு என் தேர்வு. கண்ணுக்குத் தெரியாத ஆணி, கண்ணாடித் துண்டிலிருந்து ஓரளவு காக்கும், கழுவினால் முடிந்தது. அழகில்லை என்று ஒதுக்குகிறவர்கள் பளிச்சென்ற நிறத்தில் எடுத்துப் பாருங்கள். அடி தேய்ந்து வழவழவென்று ஆனதும் ஈரமான டைல்ஸில் வழுக்கும் என்பதால், வரிகள் மறைந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும்.

கடற்காற்று செருப்புக்குச் செய்வதைப் பற்றிக் கடையில் யாரும் சொல்வதில்லை. பி.யூ. (பாலியூரித்தேன்) அடி வைத்த செருப்புகள் மிருதுவாக, இலேசாக இருக்கும். ஆனால் காற்றிலுள்ள ஈரம் அந்தப் பொருளை நாளாக நாளாக உள்ளுக்குள்ளேயே சிதைக்கும். பெட்டியில் பத்திரமாக வைத்து, இரண்டு மூன்று வருஷம் கழித்துக் கல்யாணத்துக்கு எடுத்துப் போட்டால் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்ந்து மண்டபமெங்கும் சிந்துவது இதனால்தான். விலை அதிகமானதும் உதிரும். எப்போதாவது போடப்போகிற ஜோடிக்கு ரப்பர் அல்லது டி.பி.ஆர். (ரப்பர் மாதிரி வளைகிற பிளாஸ்டிக்) அடி கேளுங்கள், பி.யூ. என்றால் அடிக்கடி போட்டே தீர்த்துவிடுங்கள். தோல் செருப்பில் மழை மாதங்களில் பூஞ்சை பூக்கும். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காமல், காற்றுப் படும் தட்டில் வைத்து, உள்ளே பழைய நாளிதழைச் சுருட்டித் திணித்தால் ஈரம் இழுக்கும். நனைந்ததை வெயிலில் காய வைக்காமல் நிழலில் உலர்த்த வேண்டும்.

நடக்கிறவர்களைவிட நிற்கிறவர்களுக்காகத்தான் எனக்கு அதிகக் கவலை. ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் காலையிலிருந்து இரவு வரை நின்றபடியே புடவையை விரித்துக் காட்டும் பெண்களைப் பாருங்கள். பாதிப் பேர் காலில் இருப்பது மெல்லிய தட்டைச் செருப்பு. தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் கொண்டுவந்த திருத்தம், ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்கிறது. கடலூர்க் கடைகளில் வேலை பார்க்கிற தங்கைகள் அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு கேட்க வேண்டும், வாடிக்கையாளர்களாகிய நாமும் அவர்கள் உட்கார்ந்திருந்தால் முகம் சுளிக்கக் கூடாது. நிற்கிற வேலைக்குச் செருப்பு வாங்கும்போது தடித்த மெத்தை முக்கியம், குதிகால் பக்கம் அரை இஞ்ச் உயரம் போதும். சாயங்காலம் கால் வீங்கும் என்பதால் வாரைத் தளர்த்த முடிய வேண்டும். முடிந்தால் இரண்டு ஜோடி வைத்து நாள் மாற்றி நாள் போடுங்கள். மெத்தை ஒரு நாள் ஓய்ந்தால் மறுபடி எழும், அழுத்தம் விழும் இடமும் மாறும்.

சர்க்கரை நோயுள்ள அம்மாவுக்கு வாங்குவதாக இருந்தால் அழகைப் பின்னால் தள்ளத்தான் வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் செருப்பு கடிப்பதே அவருக்குத் தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியும். எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டு வாங்குங்கள். வேலூரில் தொழுநோயால் உணர்விழந்த பாதங்களைக் காப்பாற்ற டாக்டர் பால் பிராண்டும் அவரோடு உழைத்தவர்களும் கையாண்ட நுண்துளை ரப்பர்தான் இன்று சர்க்கரை நோயாளிகளின் காலுக்கு வந்திருக்கிறது. விரலிடுக்கில் நுழையும் வார் இல்லாமல், பின்வாரோடு, உள்ளே தையல் முடிச்சோ ஆணியோ இல்லாமல் பாருங்கள். பாடலீஸ்வரர் கோவில் மாதிரிக் கல் பாவிய பிராகாரத்துக்கு உச்சிவெயிலில் அவரை அழைத்துப் போகவே வேண்டாம். சூடு தெரியாமலே பாதம் வெந்துவிடும். காலையிலோ விளக்கு வைத்த பிறகோ போகலாம், பருத்தி சாக்ஸ் போட்டுவிடலாம்.

கல்யாண நாளுக்கு வருவோம். திருவந்திபுரத்தில் அதிகாலை முகூர்த்தம், படி, வெறுங்கால், அப்புறம் மண்டபத்தில் டிபன், மாலை வரவேற்பு என்றால் ஒரே ஜோடியால் ஆகாது. கோவிலுக்குச் சுலபமாகக் கழற்றுகிற சாண்டல், தொலைந்தாலும் மனசு கேட்கிற விலையில். வரவேற்புக்கு பிளாட்ஃபார்ம். எதைப் போடப்போகிறீர்களோ அதை மாட்டிக்கொண்டுதான் புடவை கட்ட வேண்டும். ஹீல்ஸுக்கு ஏற்ற மாதிரி கட்டிவிட்டுப் பாதி நாளில் தட்டைக்கு மாறினால், ஃபால்ஸ் தரையைக் கூட்டும், கொசுவம் காலில் மிதிபடும். மாற்றத்தான் வேண்டும் என்றால் இரண்டு ஜோடியின் உயரமும் ஒரு இஞ்சுக்குள் இருக்கும்படி எடுத்துவிடுங்கள். பந்தி முடிந்து கை கழுவுகிற இடம்தான் மண்டபத்திலேயே ஆபத்தான இடம். ஈரமான கிரானைட், வழுக்கும் அடி, கையில் குழந்தை. அடியில் வரியில்லாத எந்தச் செருப்பையும், எவ்வளவு அழகாக இருந்தாலும், அங்கே போட்டுப் போகாதீர்கள்.

எங்கே வாங்குவது? ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் கல் வைத்த செருப்பும் ஹீல்ஸும் மலிவாகக் கிடைக்கும். எப்போதாவது போடுவதற்கு அங்கே எடுக்கலாம், தினசரிக்கு வேண்டாம். உட்கார்ந்து போட்டு நடந்து பார்க்க இடம் இருக்காது. ஆன்லைனில் வாங்கினால் அகலம் பொருந்துவது பெரும் பாடு, ஏற்கெனவே போட்டுப் பழகிய மாடலை மறுபடி வாங்க மட்டும் அது சரி. 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2,500 ரூபாய் வரையிலான செருப்புக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். எல்லைக்கு ஒட்டி நிற்கிற விலை என்றால் இது பெரிய வித்தியாசம்.

3,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டுமென்றால் என் பங்கீடு இப்படி: 1,800 வரை பேக் ஸ்ட்ராப் சாண்டலுக்கு, 700 வரை கல்யாணத்துக்கான பிளாட்ஃபார்முக்கு, மிச்சம் மழைச் செருப்புக்கு. நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நாலு நாள் போடுவதற்கு இரண்டாயிரம், முந்நூறு நாள் போடுவதற்கு இருநூறு. மாடிப்படி ஏறி இறங்கும் காலுக்கு அது நியாயமே இல்லை.

கடைக்குச் சாயங்காலம் போங்கள், பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் பொருந்துவதுதான் நாள் முழுக்கப் பொருந்தும். இரண்டு காலிலும் போட்டுப் பாருங்கள், பெரிய கால் எதுவோ அதற்குத்தான் அளவு. பிரசவத்துக்குப் பிறகு பாதம் நீண்டுவிடுவது உண்டு, அதனால் பழைய எண்ணை நம்ப வேண்டாம். செருப்பைக் கையில் எடுத்து வளைத்தால் விரல் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் வளைந்தால் வேண்டாம். ஹீல்ஸை மேஜை மேல் வைத்துக் குதிகால் இடத்தை விரலால் அழுத்துங்கள், ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கம்பளத்தின் மேல் நடந்து பார்த்தது போதாது, கடை வாசல் வெறுந்தரைக்கு வந்து நாலு நடை நடந்து பாருங்கள்.

வாங்கியதும் போடும் முன்பே, செருப்பு தைக்கும் அண்ணன் ஒருவரிடம் கொடுத்து ஓரத்தைச் சுற்றித் தைத்துவிடச் சொல்லுங்கள். பசையில் மட்டும் ஒட்டிய அடி முதல் மழையிலேயே வாய் பிளக்கும். அவர் செருப்பைத் திருப்பி, கட்டைவிரலால் ஓரத்தை நெம்பிப் பார்த்து, "இது தையல் தாங்கும்மா" அல்லது "இதுக்கு ஊசி ஏறாது" என்று சொல்லிவிடுவார். ஊசி ஏறாத ரகம் என்றால் அடுத்த முறை அதை வாங்க வேண்டாம். ஹீல்ஸின் அடியில் இருக்கும் சின்ன ரப்பர் குமிழ் தேய்ந்து உள்ளே இரும்பு தெரியும் முன்பே அவரிடம் மாற்றிக்கொள்ளலாம். இரும்பு தெரிகிற வரை விட்டுவிட்டால் டைல்ஸில் வழுக்கும், ஹீல்ஸும் ஒரு பக்கமாகச் சாய்ந்து தேயும், அப்புறம் சரிசெய்ய முடியாது.